தெருவுக்குள் 30 ஏன்?

சென்னையில் வேக வரம்பை மீறினால் என்ன அபராதம் என்று நீங்கள் வெளியிட்ட கட்டுரை தெளிவாகச் சொல்கிறது, சரி. வரம்பு எதற்கு என்பதையும் அழுத்திச் சொல்லியிருக்கலாம். 2023 நவம்பரில் அறிவித்தபடி காருக்கு 60, பைக்குக்கு 50, ஆட்டோவுக்கு 40. குடியிருப்புத் தெருக்களில் எல்லோருக்கும் 30 கி.மீ. இந்த 30தான் முக்கியம்.

60-ல் போகும்போது, ஆபத்தைப் பார்த்துக் கால் பிரேக்குக்குப் போகிற ஒரு நொடியிலேயே வண்டி 16 மீட்டருக்கு மேல் ஓடிவிடும். அப்புறம் பிரேக் பிடித்து நிற்க, 30-ல் ஆகிற தூரத்தைப் போல ஏறக்குறைய நான்கு மடங்கு வேண்டும். எங்கள் தெருவில் மாலையானால் பிள்ளைகள் பந்தைத் துரத்திக்கொண்டு, நிறுத்தியிருக்கும் கார்களுக்கு நடுவிலிருந்து சட்டென்று ஓடிவருவார்கள். பள்ளி இருக்கும் தெருக்களிலாவது 30 என்ற பலகையை அதிகாரிகள் கண்ணில் படும்படி வைக்க வேண்டும்.