கடல் சிவந்தால்தான் கண் கலங்குமா?

மறுபடியும் அதே வீடியோ. எது என்று உங்களுக்குத் தெரியும், இரண்டு நாளாக டைம்லைன் முழுக்க அதுதான். சிவந்த விரிகுடா, கரையில் வரிசையாகக் கறுத்த உடல்கள், மேலே "டென்மார்க் காட்டுமிராண்டிகளின் திருவிழா, ஆண்மையை நிரூபிக்க டால்பின்களைக் கொல்லும் பையன்கள்" என்று ஒரு வரி. பகிர்ந்தவர் நான் மதிக்கும் நண்பர். கீழே போய் விளக்கம் சொன்னதற்கு "உங்களுக்கு மனசே இல்லையா" என்று கேட்டார்கள். மனசு இருப்பதால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

அந்த வரியில் பெரும்பகுதி உண்மையில்லை. இடம் வட அட்லாண்டிக்கில் இருக்கும் ஃபாரோ தீவுகள். டென்மார்க் முடியாட்சிக்குள் இருந்தாலும் 1948 முதல் தன்னாட்சி. திருவிழாவும் இல்லை, சடங்கும் இல்லை. கடலில் கூட்டம் கண்ணில் பட்டு, மாவட்ட அதிகாரி அனுமதி கொடுத்த நாளில்தான் வேட்டை. பெரும்பாலும் பிடிபடுவது பைலட் திமிங்கிலம். டால்பின் குடும்பம்தான், ஆனால் அழிவின் விளிம்பில் இருக்கும் இனம் அல்ல. சுமார் 54,000 பேர் வாழும் ஊரில் ஆண்டுக்குச் சராசரியாக 600, 700 பிடிக்கிறார்கள். கறியும் கொழுப்பும் பங்கு பிரித்து வீடுகளுக்குப் போகின்றன. 1584-லிருந்து பதிவேடு வைத்திருக்கிறார்கள்.

சரி, அந்தச் சிவப்பு எங்கிருந்து வருகிறது? படகுகள் பின்னால் அரைவட்டமாக நின்று, கயிற்றில் கட்டிய கற்களைத் தண்ணீரில் போட்டுக் கூட்டத்தை மெல்லச் சாய்வான கரைக்கு ஓட்டும். கரை தட்டியதும், முனை மழுங்கிய கொக்கியை மூச்சுத்துளைக்குள் மாட்டிக் கயிற்றால் இழுப்பார்கள். முன்பு கூர்க்கொக்கியைச் சதையில் பாய்ச்சினார்கள். அதை மாற்றத்தான் இது வந்தது. பிறகு முதுகுத்தண்டு ஈட்டி. மூச்சுத்துளைக்குப் பின்னால் ஒரு கை அகலம் தள்ளி இறக்கினால் தண்டுவடமும் மூளைக்குப் போகும் இரத்தக் குழாய்களும் சேர்ந்து அறுபடும். சரியாக இறங்கினால் சில நொடிகள்தான். 2015 முதல் பயிற்சிச் சான்று இல்லாதவர் ஈட்டியைத் தொடக்கூடாது. கழுத்தைக் கத்தியால் திறந்து இரத்தம் வடிப்பது இதற்கு அப்புறம். கறி கெடாமல் இருக்க எந்த இறைச்சிக் கடையிலும் செய்கிற வேலை. நம் கடையில் அது சாக்கடைக்குப் போகிறது, அங்கே கடலுக்குப் போகிறது. வீடியோவில் நீங்கள் பார்த்துக் கலங்கிய சிவப்பில் பெரும்பகுதி, உயிர் போன பிறகு வந்தது.

இரத்தம் தெரிவது குற்றம் அல்ல. திரும்பத் திரும்பச் சொல்கிறேன், இரத்தம் தெரிவது குற்றம் அல்ல. அந்த உயிர் எப்படி வாழ்ந்தது, எவ்வளவு நேரம் துடித்துச் செத்தது, அதன் இனம் கடலில் மிச்சம் இருக்கிறதா, இந்த மூன்றைக் கேளுங்கள்.

அந்த மூன்றையும் பிராய்லர் கோழியிடம் கேட்போம். ஆறு வாரம் ஆயுள். அதற்குள் இரண்டு கிலோ ஏற வேண்டும் என்று வளர்த்த இனம், கால் எலும்பு உடம்பைத் தாங்காது, பல கோழிகளுக்கு இதயமே நின்றுவிடும். முட்டைக் கோழிக்குக் கூண்டில் கிடைக்கும் இடம் ஒரு ஏ4 தாளைவிடச் சிறியது. அந்த இனத்தில் பிறக்கும் சேவல் குஞ்சுகளை முதல் நாளே கொன்றுவிடுகிறார்கள். பைலட் திமிங்கிலம் கடைசி நாள்வரை அட்லாண்டிக்கில் தன் கூட்டத்தோடு நீந்தியது. எது கொடூரம்?

"திமிங்கிலம் அறிவுள்ள உயிர்" என்பார்கள். பன்றியும்தான். "அங்கே சூப்பர் மார்க்கெட் இருக்கிறதே" என்பார்கள். இருக்கிறது. விளைநிலம் அநேகமாக இல்லாத ஊரில், திமிங்கிலத்துக்குப் பதில் அலமாரியில் இருக்கப்போவது கப்பலில் வந்த பண்ணைப் பன்றி.

"அப்போ திமிங்கில வேட்டை எல்லாமே சரியா?" இல்லவே இல்லை. 20-ஆம் நூற்றாண்டில் தொழிற்சாலைக் கப்பல்கள் எண்ணெய்க்கும் சோப்புக்கும் மார்ஜரினுக்குமாக இருபது லட்சத்துக்கும் மேல் கொன்றன. நீலத் திமிங்கிலம் அதில்தான் அழிவின் விளிம்புக்குப் போனது. 1986-இல் வணிக வேட்டைக்குத் தடை வந்தது நியாயம். ஐஸ்லாந்தில் 2022-இல் 148 துடுப்புத் திமிங்கிலங்களைக் கொன்றார்கள். அந்நாட்டுக் கால்நடைத் துறை வீடியோ வைத்து ஆராய்ந்தவற்றில் 41 சதவீதம் உடனே சாகவில்லை. அவற்றுக்கு எடுத்த இடைநிலை நேரம் பதினொன்றரை நிமிடம். அதை எதிர்த்து எழுதுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். பாக் நீரிணையில் ஆவுளியா என்னும் கடற்பசுவை ஒருகாலத்தில் விரும்பித் தின்றார்கள். இன்று எண்ணிக்கை அருகிவிட்டது, சட்டமும் தடுக்கிறது, வலையில் மாட்டினால் மீனவர்களே வலையை அறுத்து விடுகிறார்கள். அங்கேயும் காரணம் இருக்கிறது. கடல் சிவப்பாக இருந்தது என்பது காரணம் இல்லை.

ஃபாரோக்காரர்கள் மேலும் எனக்குக் கோபம் உண்டு. 2021 செப்டம்பர் 12, ஸ்காலாபொட்னூர் கரையில் 1,428 வெண்பக்க டால்பின்கள். இருநூறு என்று நினைத்து ஓட்டினார்கள் என்று வேட்டைக்காரர் சங்கத் தலைவரே பிறகு சொன்னார். கரையில் கை போதவில்லை, தரைதட்டிய விலங்குகள் காத்துக் கிடந்தன. ஈட்டி எவ்வளவு நல்லதாக இருந்து என்ன, பிடிக்க ஆள் இல்லையே! மறுவருடம் டால்பினுக்கு 500 என்று வரம்பு வைத்தார்கள். கூட்டத்தை மொத்தமாகக் கொல்வதில் தாயும் குட்டியும் சேர்ந்தே போகின்றன. அதற்கு என்னிடம் பதில் இல்லை.

கறியில் பாதரசமும் இருக்கிறது. 1986, 87-இல் பிறந்த ஆயிரம் குழந்தைகளைத் தொடர்ந்து பார்த்து, கருவிலேயே பாதிப்பு என்று கண்டு, 2008-இல் இனி உண்ண வேண்டாம் என்று சொன்னவர்கள் அந்தத் தீவின் மருத்துவர்களே. 2011 முதல் அரசின் பரிந்துரை, மாதம் ஒரு வேளைக்கு மேல் வேண்டாம், ஈரலும் சிறுநீரகமும் கூடவே கூடாது, கர்ப்பிணிகள் தொடவே வேண்டாம். அந்தப் பாதரசத்தில் ஒரு பகுதி உலகமெல்லாம் நிலக்கரி எரித்துக் காற்றில் விட்டது. நம் அனல்மின் நிலையங்களும் அதில் சேர்த்திதான்.

இதையெல்லாம் விட்டுவிட்டுக் "காட்டுமிராண்டி" என்கிறோம். அந்தச் சொல் எனக்கு வலிக்கிறது. கருவாட்டு வாசனைக்கு வீடு தர மறுக்கிற ஊர் இது. மாட்டுக்கறி என்று சந்தேகம் வந்தாலே ஆளை அடித்துக் கொன்ற நாடு இது. "உங்க சாப்பாட்டைப் பார்த்தாலே குமட்டுது" என்று சொல்பவர்கள் என்றைக்கும் அதைக் குமட்டல் என்று ஒத்துக்கொள்வதில்லை, கருணை என்றுதான் சொல்வார்கள். உணவு உரிமை பற்றிப் போன மாதம் அவ்வளவு அழகாக எழுதிய அதே நண்பர், முகம் தெரியாத ஒரு தீவின் மேல் அதே சொல்லை வீசும்போது எப்படிச் சும்மா இருப்பது?

வீடியோவை நீக்கச் சொல்லவில்லை. அந்த ஒரு வரியை எடுத்துவிட்டு 1,428 பற்றி எழுதட்டும். முதல் ஆளாக நான் பகிர்கிறேன்.