பட்டியலில் எழுதியவரே பதில் சொல்ல வேண்டும்

ஒரு விளையாட்டு வீரர் குறிப்பிட்ட ஆட்டமொன்றில் அணிந்ததாகச் சொல்லி ஏலத்துக்கு வரும் சட்டையிலிருந்து வீரரின் பெயரையும் ஆட்டத்தின் தேதியையும் கழித்துவிட்டால், எஞ்சுவது கறை படிந்த பழந்துணி மட்டுமே. கையொப்பமிட்ட பந்து, ஒரு தலைவர் பயன்படுத்திய மூக்குக் கண்ணாடி, ஒரு கவிஞர் கைப்பட எழுதிய தாள் என எல்லா நினைவுப் பொருள்களுக்கும் இது பொருந்தும். போலி என்று தெரிந்த பின்னும் ஓர் ஓவியத்தைச் சுவரில் மாட்டி ரசிக்கலாம். நினைவுப் பொருளில் அந்த ஆறுதல்கூடக் கிடையாது. வாங்குபவர் பணம் கொடுப்பது ஏலப் பட்டியலில் அச்சாகியிருக்கும் சில வரிகளை நம்பித்தான். அந்த வரிகளை எழுதுவது ஏல நிறுவனம். ஆகவே அவை பொய் என்று தெரியவரும்போது முதலில் பதில் சொல்ல வேண்டியதும் அந்த நிறுவனமே என்பது என் கருத்து.

நடைமுறை இதற்கு நேர்மாறாக இருக்கிறது. பொருளின் பெருமையைப் பளபளப்பான தாளில் பெரிய எழுத்தில் பேசும் அதே பட்டியல், கடைசிப் பக்கங்களில் பொடி எழுத்தில், பொருள்கள் உள்ளது உள்ளபடியே விற்கப்படுகின்றன என்றும், விவரங்கள் வெறும் கருத்துகளே என்றும், நிறுவனம் விற்பவரின் முகவர் மட்டுமே என்றும் சொல்லிக் கைகழுவிக்கொள்கிறது. முகவர் என்ற இந்த வாதம் ஒரு காலத்தில் ஓரளவு நியாயமாக இருந்திருக்கலாம். ஆனால் 1975-இல் லண்டனில் கிறிஸ்டீஸ், சோதபீஸ் என்னும் இரு பெரிய ஏல நிறுவனங்களும் வாங்குபவரிடமிருந்தும் தனிக் கட்டணம் வசூலிக்கத் தொடங்கின. அன்று 10 சதவீதமாக இருந்த அந்தக் கட்டணம் இன்று பல இடங்களில் 20 சதவீதத்தைத் தாண்டிவிட்டது. விற்பவரிடமும் வாங்குபவரிடமும் கைநீட்டிப் பணம் வாங்குபவர், பிரச்சினை என்று வந்ததும் நான் விற்பவரின் ஆள் மட்டுமே என்று சொல்வதை எப்படி ஏற்பது?

பெரிய நிறுவனங்கள் உத்தரவாதம் தருகின்றனவே என்று கேட்கலாம். தருகின்றன. அது பெரும்பாலும் ஐந்தாண்டுக் காலத்துக்கு மட்டும் செல்லும். அதிலும் கிறிஸ்டீஸின் விதிகளைப் பொறுமையாகப் படித்தால், பட்டியலில் பெரிய எழுத்தில் அச்சான தலைப்பு வரிக்கு மட்டுமே உத்தரவாதம் என்பது தெரியும். கீழே உள்ள பத்திகளுக்கு அது பொருந்தாது. ஓவியம் வாங்குபவருக்கு இது ஓரளவு போதும், ஏனெனில் ஓவியரின் பெயர் தலைப்பிலேயே இருக்கும். நினைவுப் பொருளிலோ, எந்த ஆட்டத்தில் அணிந்தது, யார் யாரிடமிருந்து பெற்றது, எந்த வீட்டில் இத்தனை ஆண்டுகள் இருந்தது என்பது போன்ற விலையை ஏற்றும் விவரங்களெல்லாம் கீழ்ப்பத்தியில்தான் வருகின்றன. விலையைத் தீர்மானிக்கும் வாக்கியங்கள் உத்தரவாதத்துக்கு வெளியே இருக்குமாறு அமைந்த ஓர் ஒப்பந்தம் தற்செயலாக அப்படி அமைந்தது என்று நம்ப எனக்கு மனம் வரவில்லை.

இந்தத் துறையின் நோயை அறிய விரும்புவோர் ஹோனஸ் வாக்னர் அட்டையின் கதையை அறிந்திருக்க வேண்டும். 1909 முதல் 1911 வரை அமெரிக்காவில் சிகரெட் பெட்டிகளில் வைத்துத் தரப்பட்ட டி206 என்னும் பேஸ்பால் அட்டைத் தொகுதியில், பிட்ஸ்பர்க் வீரர் வாக்னரின் படம் கொண்ட அட்டை மிக அரிது. அவற்றுள் ஒன்றை பில் மாஸ்ட்ரோ என்ற வணிகர் 1985-இல் 25,000 டாலருக்கு வாங்கி, இரண்டே ஆண்டுகளில் 1,10,000 டாலருக்கு விற்றார். 1991-இல் அது சோதபீஸ் ஏலத்துக்கு வந்தபோது, ஐஸ் ஹாக்கி வீரர் வெய்ன் கிரெட்ஸ்கி ஒரு கூட்டாளியுடன் சேர்ந்து 4,51,000 டாலருக்கு எடுத்தார். அட்டைகளுக்குத் தரம் குறிக்கும் பி.எஸ்.ஏ. நிறுவனம் தன் முதல் சான்று எண்ணையே இந்த அட்டைக்குத் தந்து, பத்துக்கு எட்டு மதிப்பெண் இட்டது. 2007-இல் இதன் விலை 28 லட்சம் டாலரை எட்டியது. இதற்கிடையே மாஸ்ட்ரோ தம் பெயரிலேயே நடத்திய ஏல நிறுவனம் நினைவுப் பொருள் சந்தையில் முன்னணிக்கு வந்துவிட்டது.

அந்த அட்டையின் ஓரங்கள் வெட்டிச் சீராக்கப்பட்டவை என்ற பேச்சு சேகரிப்பாளர்களிடையே பல ஆண்டுகளாகவே இருந்தது. ஓரம் வெட்டிய அட்டைக்கு மதிப்பெண்ணே தரக்கூடாது என்பது தரநிர்ணய நிறுவனத்தின் சொந்த விதி. தம் ஏல நிறுவனத்தில் நடந்த மோசடிக்காக மாஸ்ட்ரோ 2013-இல் கூட்டாட்சி நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டபோதுதான், அந்த ஓரங்களைத் தாமே வெட்டியதையும் ஒப்புக்கொண்டார். விலையை ஏற்றுவதற்காக ஏலத்தில் போலியாக விலை கேட்கச் செய்ததும் அவ்வழக்கில் வெளிவந்தது. 2015-இல் அவருக்கு 20 மாதச் சிறைத் தண்டனை கிடைத்தது.

என்னை அதிகம் உறுத்துவது அட்டை அல்ல, அதே வழக்கின் குற்றப்பத்திரிகையில் இடம்பெற்ற ஒரு பந்து. 1869-ஆம் ஆண்டின் சின்சினாட்டி பேஸ்பால் அணியின் வெற்றிப் பந்து என்று அந்த நிறுவனம் விற்ற பந்தின் மேலிருந்த வண்ணப்பூச்சு இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தையது என்று ஆய்வுக்கூடம் சொல்லியிருந்தும், அந்த முடிவை வாங்குபவரிடம் மறைத்துவிட்டார்கள் என்பது அரசுத் தரப்பின் குற்றச்சாட்டு. தெரியாமல் தவறுவது ஒன்று. ஆய்வு செய்து, விடையை அறிந்து, அறிந்ததை மறைப்பது முற்றிலும் வேறு. ஏல நிறுவனங்களின் பொறுப்பைப் பற்றிப் பேசும்போது இவ்விரண்டையும் ஒரே தட்டில் வைக்கக்கூடாது. முன்னதற்குப் பணத்தைத் திருப்பித் தந்தால் போதும். பின்னதற்குச் சிறையே பொருத்தம்.

சான்றிதழ் இருக்கிறதே என்ற சமாதானத்தையும் நான் அவ்வளவாக நம்புவதில்லை. 1990-களில் கலிஃபோர்னியாவின் சான் டியேகோவை மையமாக வைத்து எஃப்.பி.ஐ. நடத்திய விசாரணையில் பிடிபட்ட கும்பல், கையொப்பங்களோடு அவற்றுக்கான நம்பகச் சான்றிதழ்களுக்கும் ஏற்பாடு செய்துகொண்டிருந்தது. அன்னை தெரசா கையொப்பமிட்ட பேஸ்பால் பந்துகள்கூட அங்கே சிக்கின. அன்னை தெரசாவுக்கும் பேஸ்பாலுக்கும் என்ன தொடர்பு என்று யாருமே கேட்டிருக்க மாட்டார்களா என்று நினைத்தால் சிரிப்பு வருகிறது. சான்றிதழ் கையில் இருந்தால் கேள்வி எழுவதில்லை என்பதுதான் உண்மை. தயாரிப்பாளரே சான்று சொன்னாலும் நிலைமை மாறுவதில்லை. 2021 நவம்பரில் ஜெனீவாவில் பிலிப்ஸ் என்னும் ஏல நிறுவனம் நடத்திய ஏலத்தில் ஒரு பழைய ஒமேகா ஸ்பீட்மாஸ்டர் கைக்கடிகாரம் 31 லட்சம் சுவிஸ் ஃபிராங்குக்கு மேல் போயிற்று. வாங்கியது ஒமேகாவின் சொந்த அருங்காட்சியகம். பல கடிகாரங்களின் பாகங்களைச் சேர்த்து உருவாக்கிய கலவை அது என்றும், தங்கள் முன்னாள் ஊழியர்கள் மூவருக்கு இதில் பங்கு உண்டு என்றும் 2023-இல் அந்த நிறுவனமே அறிவித்தது. வேலியே பயிரை மேய்ந்த இந்த விவகாரத்தில், தயாரிப்பாளரின் உறுதிமொழியை நம்பினோம் என்று ஏல நிறுவனம் சொன்னது பொய்யல்ல. ஆனால் மதிப்பீடாகக் குறித்த தொகையைப் போல் இருபது மடங்குக்கும் மேல் ஒரு கடிகாரம் ஏறுகிறபோது, இன்னொரு கண் அதைப் பார்க்கட்டும் என்று ஒருவருக்கும் தோன்றாததை நான் குறையாகவே கருதுகிறேன்.

பட்டியலின் சொல் ஏலக்கூடத்தோடு நின்றுவிடுவதும் இல்லை. 1985 டிசம்பரில் லண்டன் கிறிஸ்டீஸ், அமெரிக்க அதிபர் தாமஸ் ஜெபர்சனுக்கு உரியதாகச் சொல்லப்பட்ட 1787-ஆம் ஆண்டு ஒயின் புட்டி ஒன்றை 1,05,000 பவுண்டுக்கு விற்றது. ஹார்டி ரோடன்ஸ்டாக் என்ற ஜெர்மானியர் கண்டெடுத்ததாகச் சொன்ன புட்டிகளில் அதுவும் ஒன்று. அந்த விற்பனை தந்த பெயரை நம்பி, 1988-இல் பில் கோக் என்ற செல்வந்தர் அதே வரிசையில் நான்கு புட்டிகளை வேறு வணிகர்களிடம் வாங்கினார். புட்டிகளில் இருந்த எழுத்துகள் மின்கருவியால் செதுக்கப்பட்டவை என்று அவர் அமர்த்திய வல்லுநர்கள் பிற்பாடு கூறினர். அவர் கிறிஸ்டீஸ்மீது தொடுத்த வழக்கு, காலக்கெடு கடந்துவிட்டது என்ற காரணத்தால் 2012-இல் மேல்முறையீட்டிலும் தோற்றது. அவருக்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே சந்தேகம் எழுந்திருந்ததால், அந்தத் தீர்ப்பைத் தவறு என்று சொல்ல மாட்டேன். ஆயினும் சாதாரணச் சேகரிப்பாளரின் நிலை வேறு. அவர் வாங்கிய பொருளை அலமாரியில் பூட்டி வைக்கிறார். அவர் காலமான பிறகு பிள்ளைகள் விற்க எடுத்துச் செல்லும்போதுதான் அது போலி என்று தெரிகிறது. வாங்கிய நாளிலிருந்து கணக்கிடும் ஐந்தாண்டுக் கெடு அத்தகையவருக்கு எதையும் தருவதில்லை. உண்மை தெரியவந்த நாளிலிருந்து, அல்லது தெரிந்திருக்க வேண்டிய நாளிலிருந்து கெடுவைக் கணக்கிடுவதே முறை.

ஏல நிறுவனங்களின் பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது. ஆயிரக்கணக்கான சிறு பொருள்களை விற்கும் நிறுவனம் ஒவ்வொன்றையும் ஆய்வுக்கூடத்துக்கு அனுப்ப முடியாது. சட்டம் அவசரப்பட்டால் என்ன ஆகும் என்பதற்கும் சான்று உண்டு: கலிஃபோர்னியாவில் 2017 தொடக்கத்தில் நடைமுறைக்கு வந்த கையொப்பப் பொருள் சட்டம் 5 டாலர் மதிப்புள்ள பொருளுக்கும் சான்றிதழ் கேட்டதால், எழுத்தாளர் கையொப்பமிட்ட நூல்களை விற்கும் புத்தகக் கடைகள் திணறின, அவ்வாண்டே அதைத் திருத்தி, வரம்பை 50 டாலராக உயர்த்தி, நூல்களுக்கு விலக்கு அளித்தார்கள். மோசடி செய்தால் இழப்பைப் போல் பத்து மடங்கு வரை கட்ட வேண்டியிருக்கும் என்ற பிரிவு அதில் நீடிக்கிறது. எனக்கு அந்தப் பிரிவு பிடித்திருக்கிறது.

ஆகவே எல்லாவற்றையும் ஆய்வு செய்யுங்கள் என்று நான் கேட்கவில்லை. எதை ஆய்வு செய்தோம், எதைச் செய்யவில்லை, எது விற்பவரின் வாய்மொழி, எது எங்கள் முடிவு என்று பட்டியலிலேயே பிரித்து எழுதுங்கள் என்றுதான் கேட்கிறேன். பொருளில் நிறுவனத்துக்கோ அதன் ஊழியருக்கோ பங்கு இருந்தால் அதையும் எழுத வேண்டும். மடியில் கனமில்லாதவருக்கு இதில் தயக்கம் இருக்க வேண்டிய காரணமில்லை. நேர்மையாக நடந்துகொள்ள முடியும் என்பதற்கும் முன்மாதிரி இருக்கிறது. அமெரிக்கக் கவிஞர் எமிலி டிக்கின்சன் எழுதியதாகச் சொல்லி 1997-இல் சோதபீஸ் விற்ற கவிதைத் தாளை 21,000 டாலருக்கு வாங்கிய ஆம்ஹெர்ஸ்ட் நகரப் பொது நூலகம், அது மார்க் ஹாஃப்மன் என்னும் மோசடிக்காரரின் கைவேலை என்று கண்டறிந்ததும், நிறுவனம் பணத்தைத் திருப்பித் தந்தது.

இன்னொன்றும் மிச்சமிருக்கிறது. திரும்பி வந்த போலிப் பொருள் பிறகு எங்கே போகிறது? ஒயின் மோசடியில் 2013-இல் குற்றவாளி எனத் தீர்ப்பான ரூடி குர்னியவானிடமிருந்து கைப்பற்றிய புட்டிகளில், போலியென்று உறுதியான ஐந்நூறுக்கும் மேற்பட்டவற்றை அமெரிக்க அரசு 2015-இல் டெக்சாஸில் உடைத்து அழித்தது. ஏல நிறுவனங்களிடம் அத்தகைய வழக்கம் இல்லை. பொருளைக் கொண்டுவந்தவரிடமே திருப்பித் தருகிறார்கள். இணையப் பட்டியலில் அந்தப் பக்கம் சத்தமின்றி மறைந்துவிடுகிறது. அதே பொருள் வேறோர் ஊரில் வேறொரு பட்டியலில் தோன்றுவதைத் தடுக்க யாரிடமும் பதிவு இருப்பதில்லை. விலக்கப்பட்ட பொருளின் பக்கத்தை நீக்காமல், விலக்கிய காரணத்தை அதன் மேலேயே எழுதி, படத்தோடு நிரந்தரமாக வைத்திருக்க வேண்டும் என்று ஏல நிறுவனங்களுக்கு உரிமம் வழங்கும் அமைப்புகள் ஒரு விதி வகுத்தால், அடுத்து வாங்க இருப்பவர் விலை கேட்கும் முன்பே அதைத் தேடிப் பார்த்துக்கொள்ளலாம்.