மழையா, நில அதிர்வா என்று இனியும் கேட்காதீர்கள்

குறைகேட்புக் கூட்டத்தில், வீட்டுச் சுவர் விரிசலுக்கு நிவாரணம் கேட்ட ஒரு முதியவரின் மனு திருப்பிக் கொடுக்கப்பட்டதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். "விரிசல் மழையாலா, நில அதிர்வாலா? ஏதாவது ஒன்றைச் சொல்லுங்கள்" என்று அதிகாரிகள் கேட்டார்கள். இரண்டும் சேர்ந்துதான் என்று அவர் சொன்னது உண்மை. அந்த உண்மைக்காகத்தான் அவர் அவமானப்பட்டார். அதை என்னால் மறக்க முடியவில்லை.

பேரிடர்கள் தனித்தனியாக வருவதில்லை. 2021 நவம்பரில் பேரணாம்பட்டில் மழையில் ஊறிய வீடு இடிந்து, 4 குழந்தைகள் உட்பட 9 பேர் இறந்தார்கள். பத்தே நாளில், 29ஆம் தேதி அதிகாலை, வேலூருக்கு மேற்கு-தென்மேற்கே சுமார் 59 கி.மீ. தொலைவில் 3.6 அளவு நில அதிர்வு. குடியாத்தம் பக்கத்தில் எங்கள் பெரியம்மா வீட்டு மண்சுவரில் முழங்கால் உயரத்துக்கு ஈரம் ஏறி, சுண்ணாம்பு பொருக்குப் பொருக்காக உதிர்ந்துகொண்டிருந்த நேரம் அது. விடிந்து பார்த்தால் ஜன்னல் மூலையிலிருந்து தரைவரை விரல் நுழையும் பிளவு. இதை எந்தக் கணக்கில் எழுதுவது?

"3.6 அளவுக்கெல்லாம் சுவர் பிளக்காது" என்பார்கள். காய்ந்து உறுதியாக நிற்கும் சுவர் பிளக்காது, ஒப்புக்கொள்கிறேன். நாம் பேசுவது ஊறிய சுவரைப் பற்றி. பிலிப்பைன்ஸில் 1991 ஜூன் 15 அன்று பினாத்துபோ எரிமலை வெடித்த நேரத்தில் யூன்யா புயலும் வந்து சேர்ந்தது. மழையில் நனைந்து கனத்த சாம்பலைத் தாங்காமல் கூரைகள் இடிந்ததில்தான் பலர் மாண்டார்கள். அங்கே யாராவது சாம்பலா, மழையா என்று கேட்டுப் பிணங்களைப் பிரித்து வைத்திருப்பார்களா?

"எல்லாவற்றையும் போட்டுக் குழப்புகிறீர்கள்" என்பவர்கள் நம் பாலாற்றையாவது நினைத்துப் பார்க்கட்டும். 1903 நவம்பரில் அன்றைய மைசூர் சமஸ்தானத்தில் ஓர் ஏரி உடைந்த நீர் அடுத்த ஏரியை உடைத்து, அப்படியே திரண்டு வந்துதான் வாணியம்பாடியை அழித்தது. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தது. மறுநாள் திருவண்ணாமலையில் மலைச்சரிவு 7 உயிர்களைக் கொண்டுபோனது. கடலோரத்தில் முடிந்ததாக நினைத்த புயல் மலையடிவாரத்தில் கொன்றது.

பணத்துக்காகப் பேசுகிறேன் என்றும் ஒருவர் சொல்லிவிட்டார். ஆம், பணத்துக்காகவும்தான். சுவர் பிளந்தவர்களுக்கு அது வேண்டும். அதோடு, பெருமழை நின்றதும் ஊறிய சுவர்களைப் பொறியாளர் வந்து பார்க்கவேண்டும். நிலம் அதிர்ந்தால் அதே சுவர்களை மறுபடியும் வந்து பார்க்கவேண்டும். அந்த முதியவரைத் திரும்பக் கூப்பிட்டு மனுவை வாங்கிக்கொள்ளவேண்டும்.