சவேரியார் கட்டிய கோயில் அல்ல அது

"கன்னியாகுமரி அலங்கார உபகார மாதா கோயில் 1540-களில் சவேரியாரே கட்டியது" என்று ஒருவர் தன் பதிவில் எழுதியிருக்கிறார். சவேரியார் பதினாறாம் நூற்றாண்டில் ஐரோப்பாவிலிருந்து வந்து இங்கே கிறிஸ்தவம் போதித்த பாதிரியார். அந்தக் கட்டடத்துக்கு அவ்வளவு வயதில்லை. 1900-ல் அடிக்கல் நாட்டி 1914 வாக்கில் முடித்தார்கள்.

வாசலில் நின்று மேலே பார்த்தாலே தெரியும்: கூராக முடியும் வளைவுகள், ஊசி மாதிரி ஏறிப் போகும் கோபுரங்கள், அத்தனையும் கோதிக் பாணி. ஐரோப்பாவில் பத்தொன்பதாம் நூற்றாண்டில் மறுபடி பரவிய பாணி அது, சவேரியார் காலத்துப் போர்ச்சுகீசியர் இங்கே கட்டியது அப்படி இருக்காது. ஜெபமாலையின் 153 மணிகளை நினைத்துத்தான் நடுக்கோபுரத்தை 153 அடிக்கு உயர்த்தினார்கள் என்று ஊரில் சொல்வார்கள்.

அப்புறம், பரவர்கள் என்ற கடற்கரைச் சமூகத்தாருக்கு ஞானஸ்நானம் கொடுத்ததே சவேரியார்தான் என்பதும் சரியில்லை. அது 1536-37-லேயே தொடங்கிவிட்டது, அவர் கோவாவில் வந்து இறங்கியது 1542-ல். ஏற்கெனவே ஞானஸ்நானம் பெற்றிருந்த மக்களுக்கு ஜெபங்களைத் தமிழில் சொல்லிக் கொடுத்து, கடற்கரை ஊர் ஊராக நடந்தவர் அவர். 1544 கடைசியில் திருவிதாங்கூர் கரையில் ஒரே மாதத்தில் பத்தாயிரம் பேருக்கு மேல் ஞானஸ்நானம் கொடுத்ததாக அவரே கடிதத்தில் எழுதுகிறார், அது முக்குவர் என்ற இன்னொரு மீனவச் சமூகத்தாரின் ஊர்களில் நடந்தது. இந்த விசுவாசம் பழையது, கட்டடம் புதியது. தயவுசெய்து பதிவைத் திருத்துங்கள், எங்கள் பிள்ளைகள் இதைப் படித்துத்தான் பள்ளியில் எழுதுகிறார்கள்.