நேரத்துக்கு வந்த வாடகை

இன்று விடிந்ததும் வாடகை வந்துவிட்டது. முழுசாக, ஒன்றாம் தேதியே! இருபதாம் தேதிக்கு முன்னால் பணத்தைக் கண்ணில் காட்டாத மனுஷன். காலி செய்யச் சொல்லி நான் கொடுத்த நோட்டீஸின் கெடு நேற்றோடு முடிந்தது, இன்று வாடகை, கூடவே ஒரு கும்பிடு எமோஜி.

வீடு வாடகைக்கு விட்டவர்களுக்குத் தெரியும் அந்தக் கும்பிடு எதற்கென்று. கெடு தாண்டியபின் வாடகையை வாயை மூடிக்கொண்டு வாங்கிவிட்டால், மாதாமாதம் ஓடும் குடித்தனத்தை நாமே நீட்டித்துவிட்டோம் என்று அந்தப் பக்கம் வாதாடலாம். அப்புறம் புது நோட்டீஸ், மறுபடி முதலிலிருந்து கெடு.

போன் போட்டேன்.

"சார், வாடகை வந்துச்சா?"

"வந்தது. நீங்க நேத்தே காலி பண்ணியிருக்கணும்."

"ஆமா சார், அதான் வாடகை போட்டேன்."

"காலி பண்றதுக்கு எதுக்குங்க வாடகை?"

"இருக்கறதுக்கு சார்."

எவ்வளவு தெளிவு பாருங்கள். நோட்டீஸைப் படித்தீர்களா என்றால், "படிச்சேன் சார், நல்லா எழுதியிருந்தீங்க" என்கிறார். நான் என்ன கட்டுரைப் போட்டிக்கா அனுப்பினேன்? வைக்கிறதற்குள், "அப்புறம் சார், பாத்ரூம் குழாய் ஒழுகுது, ஆள் அனுப்புறீங்களா?"

அனுப்பத்தான் வேண்டும். கரண்டைப் பிடுங்கக் கூடாது, தண்ணீரை நிறுத்தக் கூடாது, ஊருக்குப் போயிருக்கும்போது பூட்டை மாற்றக் கூடாது, செய்தால் நாம்தான் குற்றவாளி. வெளியேற்ற வேண்டுமானால் நோட்டீஸ் போய்ச் சேர்ந்ததற்கு அத்தாட்சியோடு கோர்ட் படியேற வேண்டும். நியாயம்தான், அடாவடி ஓனர்கள் இருக்கிறார்கள், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்தச் சட்டத்தை எல்லாம் எழுதியவர் இவரைக் குடிவைத்துப் பார்த்திருக்க வேண்டும்.

"பணத்தைத் திருப்பி அனுப்புங்க, ஏன்னு ஒரு வரி எழுதி வைங்க" என்றார் வக்கீல். வந்த பணத்தை வேண்டாமென்று அனுப்பக் கெஞ்சும் நிலைமை! சரி என்று பேங்க் ஆப்பைத் திறந்தால், பணம் அனுப்பும் நோக்கம் என்ன என்று கேட்கிறது: பரிசு, கல்வி, மருத்துவம், குடும்பச் செலவு. இதில் நான் எதைத் தொட? எரிச்சலில் 'பரிசு' என்று போட்டேன், ஓடிபி வரவில்லை, மறுபடி கேட்டால் 'சிறிது நேரம் கழித்து முயலவும்'. இந்த ஆப்பை எழுதினவன் மட்டும் என் கையில் கிடைக்கட்டும்.