லைட் எரியாவிட்டாலும் வாரண்டி உண்டு
பைக் மீட்டரில் உள்ள எஃப்.ஐ. லைட் (பெட்ரோல் இன்ஜெக்‌ஷன் கோளாறைக் காட்டும் எச்சரிக்கை விளக்கு) எரியாதவரை டீலரிடம் வாரண்டி கேட்க முடியாது என்று ஒரு கட்டுரை சொல்கிறது, அது தவறு. அந்த லைட் பெரும்பாலும் சென்சார், வயரிங் கோளாறுகளைத்தான் காட்டும். நம்மூர் பைக்குகள் பெரும்பாலானவற்றில் பெட்ரோல் அழுத்தத்தை அளக்கும் சென்சாரே கிடையாது. டேங்கிலிருந்து பெட்ரோலைத் தள்ளும் பம்ப் தளர்ந்து, சுமார் 3 பார் (அழுத்தத்தின் அலகு) இருக்க வேண்டிய அழுத்தம் 2-க்கு இறங்கினாலும், எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினியான ஈசியூவுக்கு நேரடியாகத் தெரியாது. வண்டிதான் ஏற்றத்தில் திணறும். ஆகவே ஸ்கேனர் மாட்டி 'எரர் இல்லை' என்றால் கிளம்பிவிடாதீர்கள். பெட்ரோல் அழுத்தத்தைக் கேஜ் வைத்து, ஐடிலிங்கிலும் ஆக்சிலரேட்டர் முறுக்கியும் அளக்கச் சொல்லுங்கள். சர்வீஸுக்கு விடும்போது புகாரை எழுதும் ஜாப் கார்டில் வெறும் 'பிக்கப் இல்லை' என்று எழுதினால் பயனில்லை. 'எஞ்சின் சூடான பின், மூன்றாம் கியரில், ஏற்றத்தில் அணைகிறது' என்று கி.மீ. ரீடிங்கோடு எழுத வைத்து, ஒவ்வொரு முறையும் நகல் வாங்குங்கள். சிலர் சொல்வதுபோல் பேட்டரியைக் கழற்றி மாட்டிவிட்டுப் போக வேண்டாம், எரர் கோட் (கோளாறைக் குறிக்கும் எண்) ஏதாவது பதிவாகியிருந்தால் சில மாடல்களில் அது அழிந்துவிடும், அதுவும் ஒரு சாட்சிதான். டீலர் 'கலப்பட பெட்ரோல், வாரண்டி வராது' என்றால் டேங்க் அடியிலிருந்து கண்ணாடி பாட்டிலில் பிடித்துக் காட்டச் சொல்லுங்கள். தண்ணீர் கலந்திருந்தால் பெரும்பாலும் கீழே தனியாகத் தேங்கும். அப்படி எதுவும் இல்லாமலே மறுத்தால் காரணத்தை எழுத்தில் வாங்கி, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் பதிவு செய்யலாம்.