உக்காந்திருந்த அந்தப் பையனுக்காக ஒரு பதிவு

போன வாரம் எங்க ஏரியா தமிழ் வாட்ஸ்அப் குரூப்ல பெரிய சண்டை. நான் இருக்கறது டெக்சஸ்ல, டாலஸ் பக்கம். ஒரு அண்ணன் மெசேஜ் போட்டாரு, அவர் பொண்ணு கிளாஸ்ல ஒரு பையன் காலைல பிளெட்ஜ் சொல்லும்போது எந்திரிக்கவே மாட்டேங்கறானாம், டீச்சரும் ஒண்ணும் கேக்கறதில்லையாம், "சோறு போடற நாட்டுக்கு இதுகூட செய்ய முடியலைன்னா இங்க எதுக்கு இருக்கணும்"னு. உடனே கீழ வரிசையா கைதட்டல், கொடி எமோஜி. கைதட்டினதுல பாதி பேரு இன்னும் கிரீன் கார்டு க்யூல நிக்கறவங்க, சரி அத விடுங்க.

ஊர்ல இருக்கறவங்களுக்கு ஒரு வார்த்தை. இங்க ஸ்கூல்ல தினமும் காலைல பசங்க எந்திரிச்சு, வலது கைய நெஞ்சுல வச்சு, கொடியப் பாத்து ஒரு உறுதிமொழி சொல்லணும். அதுக்குப் பேருதான் பிளெட்ஜ் ஆஃப் அலீஜியன்ஸ். டெக்சஸ்ல இன்னும் ஒருபடி மேல, அமெரிக்கக் கொடிக்கு சொல்லி முடிச்சதும் டெக்சஸ் கொடிக்கு தனியா ஒண்ணு, அப்புறம் ஒரு நிமிஷம் மௌனம். நம்ம பிரேயர்ல "இந்தியர் அனைவரும் என் உடன்பிறந்தவர்கள்"னு கைய முன்னாடி நீட்டிக்கிட்டு, வெயில்ல, எப்படா முடியும்னு நின்னோமே அதே மாதிரிதான். அந்த நீட்டின கைய கொஞ்சம் ஞாபகம் வச்சுக்கங்க, திரும்ப வருது.

நானும் இது ஏதோ வாஷிங்டன், ஜெபர்சன் காலத்துல இருந்து வர்ற பழக்கம்னுதான் நினைச்சிட்டு இருந்தேன். சிட்டிசன்ஷிப் பரீட்சைக்குப் படிக்கும்போதுதான் ஒண்ணத் தொட்டு ஒண்ணு படிச்சிட்டே போனேன். 1776ல இது இல்ல. லிங்கன் காலத்துலயும் இல்ல. வந்தது 1892ல. எழுதினது ஜனாதிபதியோ காங்கிரஸோ (இந்த ஊரு நாடாளுமன்றம்) கிடையாது, பாஸ்டன்ல இருந்து வந்த "தி யூத்ஸ் கம்பேனியன்"னு ஒரு பத்திரிகைல வேலை பாத்த பிரான்சிஸ் பெல்லமி. அவர் அதுக்கு முன்னாடி பாப்டிஸ்ட் சர்ச்சுல பாதிரியாரு, ஏசு ஒரு சோஷலிஸ்ட்ங்கற மாதிரி பிரசங்கம் பண்ணிப் பண்ணி சபைல இருந்த பணக்காரங்களுக்கு எரிச்சலாகி, அங்கிருந்து விலகி பத்திரிகைக்கு வந்தவர். ஆமா, இன்னிக்கு டெக்சஸ்ல சோஷலிஸ்ட்னு சொன்னா அடிக்க வர்ற ஆளுங்க தினமும் தன் புள்ளைங்களச் சொல்ல வைக்கற உறுதிமொழிய எழுதினது ஒரு சோஷலிஸ்ட் பாதிரியாரு.

பத்திரிகைக்கு இதுல என்ன வேலை? கொடி வியாபாரம். நாட்டுல ஒவ்வொரு ஸ்கூல்லயும் கொடி பறக்கணும்னு ஒரு இயக்கத்த 1888லயே ஆரம்பிச்சிட்டாங்க, கொடிய வித்தது அவங்களேதான். 1892ல கொலம்பஸ் வந்து 400 வருஷம் ஆகுதுன்னு நாடு பூரா ஸ்கூல்கள்ல விழா, ஜனாதிபதி பெஞ்சமின் ஹாரிசன் அறிக்கையே விட்டாரு, அந்த விழால கொடி ஏத்தினதும் பசங்க எல்லாரும் சேந்து சொல்ல நாலு வரி வேணும், பெல்லமி உக்காந்து எழுதிட்டாரு. அவ்ளோதான் கதை.

இதச் சொன்னா "அப்ப எல்லாம் பிசினஸ்தானா"ன்னு ஒருத்தர் கேப்பாரு. நான் அப்படிச் சொல்லல. அட்சய திருதியைக்கு நகை வாங்கற பழக்கத்த நகைக்கடைக்காரங்க ஊதிப் பெருசாக்கினாங்கன்னு எல்லாருக்கும் தெரியும், ஆனா அன்னிக்கு ஒரு கிராம் காசு வாங்கி சாமி முன்னாடி வைக்கற எங்க அத்தையோட நம்பிக்கை பொய்யா என்ன? ஒரு பழக்கம் எங்க பொறந்துச்சுங்கறது வேற, யார் மனசுல எப்படி நிக்குதுங்கறது வேற. ஆனா எங்க பொறந்துச்சுன்னு தெரிஞ்சா, அதச் சொல்லாதவன நாடு கடத்தணும்ங்கற வேகமாவது கொஞ்சம் குறையும்.

அந்த நாலு வரியும் அப்படியே இருந்துச்சான்னா அதுவும் இல்ல. பெல்லமி எழுதினது "என் கொடிக்கு"ன்னு மட்டும்தான், எந்த நாட்டுக் கொடின்னு இல்ல. 1923ல ஒரு மாநாடு போட்டு, வெளிநாட்டுல இருந்து வந்த புள்ளைங்க "என் கொடி"ன்னு சொல்லும்போது மனசுக்குள்ள இத்தாலி கொடியவோ போலந்து கொடியவோ நினைச்சுக்கிட்டா என்ன பண்றதுன்னு பயந்து "யுனைடெட் ஸ்டேட்ஸ் கொடிக்கு"ன்னு மாத்தினாங்க, அடுத்த வருஷம் "அமெரிக்கா"வையும் சேத்தாங்க. பெல்லமிக்கு இந்த மாத்தம் பிடிக்கல. அவர் ஒண்ணும் நம்மள மாதிரி வந்தேறிகள தலைல தூக்கி வச்சு ஆடினவர் இல்ல, கூட்டம் கூட்டமா வர்ற வெளிநாட்டுக்காரங்களால நாடு கெட்டுடும்ங்கற பயம் அவருக்கும் உண்டு. அவர் இத எழுதின அதே 1892லதான், வருஷ ஆரம்பத்துல, கப்பல்ல வர்ற வெளிநாட்டுக்காரங்கள சோதிச்சு உள்ள விடற எல்லிஸ் தீவு நியூயார்க்ல திறந்துச்சு. அவர் யாரப் பாத்து பயந்தாரோ அவங்க வம்சம்தான் இன்னிக்கு அவர் வரிய அதிகமா சொல்லிட்டு இருக்கு, எங்க வீட்டு வாண்டு உட்பட.

கைக்கு வருவோம். நெஞ்சுல கை வைக்கறது பின்னாடி வந்தது. பெல்லமி காலத்துல வலது கைய கொடியப் பாத்து நேரா நீட்டணும். பழைய போட்டோக்கள் இருக்கு, பாத்தா பகீர்னு இருக்கும், வரிசையா அமெரிக்கக் குட்டிப் பசங்க ஹிட்லர் முன்னாடி நிக்கற மாதிரி கைய நீட்டிக்கிட்டு. அவங்க இத ஆரம்பிச்சப்ப ஹிட்லருக்கு மூணு வயசு. ஆனா 1930கள்ல ஜெர்மனிலயும் இத்தாலிலயும் அதே கை வந்ததும் இவங்களுக்கு சங்கடமாயிடுச்சு, 1942 டிசம்பர்ல காங்கிரஸ் சட்டத்த மாத்தி கைய நெஞ்சுக்கு கொண்டு வந்துச்சு. நம்ம ஊர்ல யாரும் நம்ம கையப் பத்தி இப்படி யோசிச்ச மாதிரி தெரியல, நல்லதுதான்.

பிளெட்ஜ்ல "கடவுளுக்குக் கீழ் ஒரே தேசம்"னு வர்ற கடவுள் இன்னும் லேட்டா வந்தவர். 1954ல. இதுல எனக்கு ரொம்பப் பிடிச்ச ஒரு ஆள் ஜார்ஜ் டோகர்ட்டி. ஸ்காட்லாந்துல இருந்து வாஷிங்டனுக்கு வந்த பாதிரியாரு. ஒரு நாள் ஸ்கூல் விட்டு வந்த பையன்கிட்ட இன்னிக்கு என்னடா பண்ணீங்கன்னு கேட்டிருக்காரு, பையன் பிளெட்ஜ ஒப்பிச்சிருக்கான். அப்பனுக்கு ஒரே யோசனை, என்னடா இது, இதுல கடவுளே இல்லையே, இதே வரிய கடவுளே இல்லைங்கற கம்யூனிஸ்ட் மாஸ்கோல ஒரு பையன் அவன் கொடிக்கு சொல்லலாமேன்னு. அத ஒரு பிரசங்கமாவே ஆக்கிட்டாரு. 1954 பிப்ரவரில அவர் சர்ச்சுக்கு ஜனாதிபதி ஐசன்ஹோவர் வந்து உக்காந்திருந்தப்ப அந்தப் பிரசங்கத்த எடுத்து விட்டாரு, ஜூன் 14, கொடி நாளன்னிக்கு ஐசன்ஹோவர் சட்டத்துல கையெழுத்து போட்டுட்டாரு. நானும்தான் தினமும் என் பொண்ணுகிட்ட ஸ்கூல்ல என்ன நடந்துச்சுன்னு கேக்கறேன், "ஒண்ணுமில்ல"ன்னு ஒரே பதில்தான் வருது.

சரி, இப்ப எந்திரிக்காத பையனுக்கு வர்றேன், சொல்ல வந்ததே இதுதான்.

பென்சில்வேனியால மைனர்ஸ்வில்னு ஒரு சுரங்க ஊரு. 1935ல அங்க கோபைடிஸ்னு ஒரு வீட்டு அக்காவும் தம்பியும், 12 வயசு, 10 வயசு, கொடிக்கு சல்யூட் பண்ண மாட்டோம்னு சொல்லிட்டாங்க. யெகோவாவின் சாட்சிகள்ங்கற கிறிஸ்தவப் பிரிவைச் சேந்த குடும்பம், கடவுளத் தவிர எதுக்கும் வணக்கம் வைக்கக் கூடாதுங்கறது அவங்க நம்பிக்கை. அதே நேரத்துல ஜெர்மனில இவங்க மதத்துக்காரங்க ஹிட்லருக்குக் கை நீட்ட மாட்டோம்னு சொல்லி சிறைக்கும் முகாமுக்கும் போயிட்டு இருந்தாங்க, அந்தச் செய்தி இங்க இருந்தவங்களுக்கும் ஒரு தைரியம். மைனர்ஸ்வில்ல இந்த ரெண்டு பேரையும் ஸ்கூல்ல இருந்து வெளிய அனுப்பிட்டாங்க. கேஸு சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போச்சு, 1940 ஜூன்ல 8க்கு 1னு புள்ளைங்க தோத்துட்டாங்க. தீர்ப்ப எழுதினவர் பெலிக்ஸ் பிராங்க்பர்ட்டர், 12 வயசுல வியன்னால இருந்து வந்த யூதர். அவர் கோணம் எனக்குப் புரியாம இல்ல, இந்த நாடு எனக்கு எல்லாம் குடுத்துச்சு, கொடிக்கு ஒரு வணக்கம் வச்சா குறைஞ்சா போயிடுவே, கிட்டத்தட்ட நம்ம குரூப் அண்ணன் சொன்னதுதான். ஆனா அந்தத் தீர்ப்புக்கு அப்புறம் நடந்தது என்ன? ஊர் ஊரா இந்த மதத்துக்காரங்கள அடிச்சாங்க, மெய்ன் மாநிலத்துல கென்னபங்க்ல அவங்க வழிபாட்டுக் கூடத்துக்கே தீ வச்சாங்க. தேசபக்தி பேர்லதான் எல்லாம்.

மூணே வருஷம். வெஸ்ட் வர்ஜீனியால பார்னெட்னு ஒரு வீட்டு அக்கா தங்கச்சி, சின்ன கிராமத்து ஸ்கூல், அதே பிரச்சனை. தினமும் ஸ்கூலுக்குப் போவாங்க, தினமும் திருப்பி அனுப்புவாங்க. 1943 ஜூன் 14, அதே கொடி நாள், உலகப் போர் உச்சத்துல இருக்கு, பசங்க அப்பன் அண்ணனெல்லாம் போர்ல செத்துட்டு இருக்காங்க, அந்த நேரத்துல சுப்ரீம் கோர்ட் தன் தீர்ப்பத் தானே கவுத்துச்சு, 6க்கு 3. எழுதினவர் ராபர்ட் ஜாக்சன், பின்னாடி நியூரம்பர்க்ல நாஜிகளுக்கு எதிரா வாதாடினவர். அரசியல்லயோ மதத்துலயோ நாட்டுப்பற்றுலயோ இதுதான் சரின்னு விதிக்கவும், அத வாயால ஒத்துக்கச் சொல்லி கட்டாயப்படுத்தவும் எந்த அதிகாரிக்கும், அவன் பெரியவனோ சின்னவனோ, உரிமை இல்லன்னு எழுதினாரு. இந்த நாட்டப் பத்தி நான் படிச்சதுல என்னை உண்மையா எந்திரிச்சு நிக்க வச்சது அதுதான். நம்ம குரூப்ல கொடி எமோஜி போட்டவங்க யாரும் அதப் படிச்சிருக்க மாட்டாங்கன்னு பந்தயம் கட்டறேன்.

இது அமெரிக்காக்காரன் சமாச்சாரம்னு சொல்றவங்களுக்கு: 1985ல கேரளால மூணு புள்ளைங்க, இதே யெகோவாவின் சாட்சிகள், தேசிய கீதத்துக்கு மரியாதையா எந்திரிச்சு நின்னாங்க, ஆனா பாடல. ஸ்கூல்ல இருந்து நீக்கிட்டாங்க. 1986ல பிஜோ இம்மானுவேல் வழக்குல நம்ம சுப்ரீம் கோர்ட் புள்ளைங்களத் திரும்ப சேக்கச் சொல்லுச்சு. நீதிபதி சின்னப்ப ரெட்டி அந்தத் தீர்ப்புல இந்த பார்னெட் வழக்கையும் எடுத்துப் பேசிட்டு, கடைசில நம்ம மரபும் தத்துவமும் அரசியல் சாசனமும் சொல்றது சகிப்புத்தன்மைதான், அதுல தண்ணி கலக்காதீங்கன்னு முடிச்சாரு. வெஸ்ட் வர்ஜீனியா கிராமத்துல ரெண்டு சின்னப் பொண்ணுங்க பிடிச்ச பிடிவாதம் கோட்டயம் பக்கம் வரைக்கும் வந்திருக்கு பாருங்க.

எனக்கு இன்னொன்னும் உறுத்துது. நான் சிட்டிசன் ஆனப்ப பெரிய ஹால்ல வலது கையத் தூக்கி ஒரு சத்தியம் பண்ணேன், வேற எந்த ராஜாவுக்கும் நாட்டுக்கும் இனி விசுவாசம் இல்லன்னு, சொல்லும்போது தொண்டை அடைச்சுச்சு, இந்திய பாஸ்போர்ட்ட நினைச்சு. அது ஒரே ஒரு தடவை. என் பொண்ணு இங்கயே பொறந்தவ, அவ கேஜில இருந்து பன்னெண்டாவது வரைக்கும் வருஷத்துக்கு கிட்டத்தட்ட 170 நாள், கணக்கு போட்டா ரெண்டாயிரம் தடவைக்கு மேல சொல்லணும். வந்தவன ஒரு தடவை சொன்னா நம்பறாங்க, பொறந்த புள்ளைய தினமும் கேக்கறாங்க!

டெக்சஸ்ல ஒரு சின்ன சிக்கலும் இருக்கு. கோர்ட் அந்த உரிமைய புள்ளைக்குக் குடுத்துச்சு, ஆனா இங்க மாநில சட்டப்படி புள்ளைக்கு விலக்கு வேணும்னா அப்பாவோ அம்மாவோ எழுதிக் குடுக்கணும். அப்ப அந்தப் பையன் வீட்ல யாரோ எழுதிக் குடுத்துதான் டீச்சர் சும்மா இருக்காங்களோ என்னவோ. மதமோ, கோபமோ, வேற எதுவோ, நமக்கெதுக்கு. என் பொண்ணு நாளைக்கு வந்து கேட்டா நான் கையெழுத்து போடுவேனான்னு ரெண்டு நாளா யோசிக்கறேன். ஏன்டீன்னு ஒரு மணி நேரம் கேள்வி கேப்பேன், அவங்கம்மா ரெண்டு மணி நேரம் கேப்பா, அப்புறம் போட்டுடுவேன். அதுவரைக்கும் அவ கைய நெஞ்சுல வச்சு சந்தோஷமா சொல்லிட்டுப் போகட்டும், ஸ்கூல் விழான்னு போனா நானும் கூட நின்னு சொல்றேன், எனக்கு ஒரு வருத்தமும் இல்ல.

ஒரு கொசுறு: அந்த ரெண்டு குடும்பத்து பேரையும் கோர்ட் ரெக்கார்ட்ல தப்பாதான் எழுதி வச்சிருக்காங்க. கோபைடிஸ்ல ஒரு எழுத்து தப்பு, பார்னெட்ல வேண்டாத ஒரு எழுத்து எக்ஸ்ட்ரா. ஸ்டார்பக்ஸ் கப்புல தினமும் என் பேரப் பாத்து நொந்துக்கறவன், அதப் படிச்சப்ப எனக்கு என்ன ஒரு ஆறுதல்.

இத குரூப்ல போடல, இங்க மட்டும்தான் போடறேன். அங்க போட்டா, ஆளுக்கொரு சாப்பாடு கொண்டு வர்ற அடுத்த பாட்லக்ல நான் கொண்டு போற புளியோதரைய யாரும் தொட மாட்டாங்க.